உடைக்காமல் வைத்திருந்த இரண்டாவது பாட்டில்

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் குத்தகைக்கு எடுத்த விளையில் 240 மூடு (மரம்) ஏத்தன் வாழை வைத்திருந்தேன். ஐப்பசியில் கன்று நட்டால் ஓணத்துக்குக் குலை வெட்டலாம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஓணத்துக்குக் கிடைக்கிற விலை மற்ற மாதங்களில் கிடைக்காது. அதை நம்பித்தான் வீட்டு நகையை அடகு வைத்து உரம் போட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஏழெட்டு மூடுகளில் தண்டில் சின்னச் சின்னத் துளை. அதிலிருந்து கண்ணாடி மாதிரி பசை வடிந்து, காய்ந்து, பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. கூன்வண்டு. அது தண்டுக்குள் முட்டையிடும், புழு உள்ளேயே குடைந்து தின்னும். வெளியே பார்த்தால் வாழை பச்சைப் பசேலென்று நிற்கும். குலை தள்ளி எடை ஏறும்போதுதான் நடுத்தண்டோடு ஒடிந்து விழும். அதனால் தாமதிக்காமல் கடைக்குப் போய்ப் பூச்சிமருந்து அரை லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினேன். பில் கேட்டேன். பேட்ச் எண்ணையும், அதாவது ஒரே தடவையில் தயாரான மருந்துக்குக் கம்பெனி போடும் எண்ணையும், பில்லில் எழுதச் சொன்னேன். இது அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம். இந்தக் கதை முழுக்க அந்தத் துண்டுச் சீட்டில்தான் நின்றது.

முதல் பாட்டிலை உடைத்து வாளியில் ஊற்றியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த வகை மருந்து நல்லதாக இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் பால் ஊற்றியது போல வெள்ளையாகப் பரவும். இது பரவவில்லை, எண்ணெய் மாதிரி மேலே மிதந்தது. குச்சியால் கலக்கினால் கொஞ்ச நேரம் கலங்கும், அப்புறம் மறுபடி மேலே வந்து நிற்கும். மூக்கைத் துளைக்கும் வழக்கமான நெடியும் இல்லை, மண்ணெண்ணெய் வாசம்தான் வந்தது. ஆனால் கூலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள், அடித்துவிட்டோம். இரண்டாவது பாட்டிலை மட்டும் உடைக்க மனம் வரவில்லை. கொட்டகையில் பூட்டி வைத்தேன்.

ஆனியில் விழ ஆரம்பித்தது, ஆடி முடிவதற்குள் 85 மூடு. முக்கால் விளைச்சல் குலைகள், சந்தையில் கறிக்காய் விலைக்குக்கூட எடுக்கத் தயங்கினார்கள். விழுந்த தண்டைப் பிளந்தால் உள்ளே புழு உயிரோடு நெளிகிறது. மருந்து அடித்த தண்டில்!

கடைக்காரரிடம் போனேன். "நாங்க கம்பெனி தாறத சீல் உடைக்காம விக்கியோம் மக்கா, உள்ள என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு படித்துப் பார்த்தால் பூச்சிக்கொல்லிச் சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. உரிமம் உள்ள இடத்தில் வாங்கி, வந்தது வந்தபடியே ஒழுங்காக வைத்து விற்றவர், குறை தனக்குத் தெரியாது என்று காட்டினால் தப்பிக்கலாம்.

நடுவில் வேறொரு கவலை. விழுந்த வாழைத் தண்டை நறுக்கி மாட்டுக்குப் போடுவது எங்கள் வழக்கம். மருந்து பட்ட தண்டைப் போடலாமா? பாட்டிலில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. சிவப்புக்கு அடுத்தபடியான விஷம் என்று அர்த்தம். கூடவே எட்டாக மடித்த ஒரு தாள், பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியாத எழுத்து. மாட்டுத் தீவனம் பற்றி அதில் என் கண்ணுக்கு எதுவும் படவில்லை. கால்நடை மருந்தகத்தில் கேட்டேன். டாக்டர் ஒரே வார்த்தையில் "போடாதீங்க" என்றார். பிறகு மடிநோய்க்குப் போடும் ஒரு ஊசி மருந்தின் பெட்டியைக் காட்டினார். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளின் மருந்தில் இதைக் குறிப்பிட வேண்டும் என்று 2012-இல் விதி வந்ததாம். அந்த மருந்துக்கென்று சோதித்த கணக்கு இல்லையென்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மாட்டு மருந்து 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தில் வருகிறது, வாழை மருந்து 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் வருகிறது. இரண்டும் வந்து சேர்வது ஒரே கொட்டகையில். அந்தப் பெட்டியில் இருந்த தெளிவு என் பாட்டிலிலும் இருக்க வேண்டாமா?

சரி, புகாருக்கு வருகிறேன். முதலில் போன அலுவலகத்தில், வாழை என்றால் தோட்டக்கலை, மருந்து என்றால் வேளாண்மை என்று அனுப்பிவிட்டார்கள். நாகர்கோவிலில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்த பிறகுதான் நகர்ந்தது. பூச்சிமருந்து ஆய்வாளரிடம் என் பாட்டில்கள் இரண்டையும் நீட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். அவருடைய நடைமுறையில் மாதிரி விற்பனை இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், விவசாயி கையில் இருப்பதை எடுத்தால் வழக்கில் நிற்காது. நான் உடைத்த பாட்டிலும் சரி, உடைக்காத பாட்டிலும் சரி, அங்கே செல்லாது.

அவர் கடைக்குப் போனபோது நானும் போயிருந்தேன். சட்டப்படி விலை கொடுத்து, ஒரே பேட்சில் மூன்று பாட்டில் எடுத்தார். துணி சுற்றி, நூல் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார். ஒன்று கடைக்காரருக்கு, ஒன்று ஆய்வகத்துக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் மருந்து வாங்கி நாலு மாதம் ஆகியிருந்தது, என் பில்லில் இருந்த பேட்ச் அலமாரியில் இல்லை. எடுத்தது வேறு பேட்ச். ஆய்வகம் 30 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், தந்தது. தரம் சரி என்று வந்தது. அந்தக் கதவு அத்தோடு மூடியது.

ஒருவேளை தரமில்லை என்றே வந்திருந்தாலும் எனக்குக் கிடைப்பது என்ன? பூச்சிக்கொல்லிச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் அரசுக்குப் போகும். விழுந்த 85 மூட்டுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பைசா கிடையாது. பாட்டிலுக்குள் இருப்பதை அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு விளையில் விழுந்து கிடப்பது கண்ணில் படவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொன்னவர் பக்கத்து விளை அண்ணன். "பில்லு இருக்குல்லா? பெறவென்ன?" என்றார். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கம்பெனி எங்கோ வடக்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பில், விழுந்த வாழைகளைத் தேதியோடு எடுத்த படங்கள், தோட்டக்கலை உதவி அலுவலர் நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் வைத்துப் புகார் கொடுத்தேன். அந்தக் குறிப்பு கிடைத்ததற்குக் காரணம், விழுந்த தண்டுகளை அவர் வரும்வரை அப்புறப்படுத்தாமல் விட்டதுதான். கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை, ஆனாலும் விட்டேன்.

கம்பெனித் தரப்பில், இவர் வியாபாரத்துக்கு விவசாயம் செய்கிறவர், நுகர்வோர் அல்ல என்றார்கள். விதை வழக்கு ஒன்றில் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது, அதைக் காட்டியதும் அந்த வாதம் நிற்கவில்லை. அடுத்தது மருந்தின் தரம். இங்கேதான் இரண்டாவது பாட்டில் வெளியே வந்தது. புகார்தாரர் கையில் இருக்கும் மாதிரியையே வாங்கி, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. ஆய்வுச் செலவை நான் கட்டினேன். மூடியில் கம்பெனி சீல் அப்படியே இருந்ததால் அவர்களால் மறுக்க முடியவில்லை. அறிக்கை வந்தது. பாட்டிலில் போட்டிருந்த அளவில் பாதி மருந்துகூட உள்ளே இல்லை.

புகார் கொடுத்த நாளிலிருந்து உத்தரவு வர 14 மாதம். கேட்டது 42,000, கிடைத்தது 27,000, வழக்குச் செலவு தனி. அதற்குள் இன்னொரு ஓணம் போய்விட்டது. நகையை மீட்டது அதற்கும் பிறகுதான்.

பூச்சிக்கொல்லிச் சட்டத்தை மாற்ற 2008-இல் ஒரு மசோதா வந்தது, 2020-இல் இன்னொன்று வந்தது. இரண்டும் சட்டமாகவில்லை. 2020 மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது, தரமற்ற மருந்தால் நட்டப்படுகிற விவசாயிக்கு இழப்பீடு உண்டு என்று சொன்னார்கள். எனக்கு வேண்டியது அதுதான், அதுவும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வேண்டும். விவசாயி கொண்டுவரும் சீல் உடைக்காத பாட்டிலை ஆய்வாளரே வாங்கிச் சோதிக்க வழி வேண்டும். பூச்சிமருந்து எதை விற்றாலும் பில் போட வேண்டும் என்று 1971 விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் எத்தனை கடையில் கேட்காமல் பில் தருகிறார்கள்?

போன வாரம் குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். ரப்பருக்கு ஊடுபயிராக ஏத்தன் வைத்திருக்கிறான், மருந்து அடித்தும் பூச்சி சாகவில்லை என்கிறான். கையில் ஒரு பாட்டில், பாதி காலி. பில் இல்லை. வேறு பாட்டில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் ஒன்று இருக்கிறது, சாயங்காலம் அடிக்க வேண்டும் என்றான். அதை உடைக்காதே, முதலில் கடைக்குப் போய்ப் பேட்ச் எண்ணோடு பில் வாங்கி வா என்று அனுப்பினேன்.