கேரக்டர் டிரைவரைச் சோதிக்க ‘கடலூர்’ போதும்

புதுச்சேரி, கடலூர் பக்கம் லினக்ஸ் கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையத்தில் சேர்க்கும் நிரல்) ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களுக்கு: கேரக்டர் டிரைவரை, அதாவது கோப்பு போல எழுதவும் படிக்கவும் விடும் டிரைவரைச் சோதிக்கும்போது ‘ஹலோ’ எழுதிப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். ‘கடலூர்’ என்று எழுதுங்கள்.

யூடிஎஃப்-8ல் (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) அது 6 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. எக்கோ கட்டளை சேர்க்கும் வரிமுடிவோடு 19. டிரைவரின் பஃபரை (தரவை வைக்கும் இடம்) வேண்டுமென்றே 16 பைட்டாக வையுங்கள். ரைட் ஃபங்ஷன் 16 பைட்டை வாங்கி 16 என்றே திருப்ப வேண்டும். மிச்ச 3 பைட்டோடு மறுபடி அழைப்பு வரும். ஆஃப்செட்டை (அடுத்து எழுத வேண்டிய இடம்) நகர்த்தாத டிரைவரில் அந்த 3 பைட் ‘க’வின் மேல் போய் உட்காரும். நகர்த்தினால், இடமில்லை என்ற பிழையைத் திருப்புங்கள். அப்போது திரும்பப் படித்தால் ‘கடலூர’ வரும், புள்ளி உடைந்திருக்கும். டிரைவருக்கு எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும்.

ரீட் ஃபங்ஷன் முடிவில் 0 திருப்பாவிட்டால் கோப்பைத் திரையில் காட்டும் கேட் கட்டளை ஓயாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். யூசர் பாயின்டரை (பயனர் நிரலின் நினைவக முகவரி) நேரடியாகத் தொடாதீர்கள். அதற்கென்றே காப்பி டு யூசர், காப்பி ஃப்ரம் யூசர் ஃபங்ஷன்கள் இருக்கின்றன.

டிரைவருக்கு எழுத, ரூட் உரிமை தரும் சூடோவை எக்கோவுக்கு முன் போட்டும் அனுமதி மறுப்பா? திசைமாற்றுக் குறியைக் (>) கையாள்வது உங்கள் ஷெல். அதற்கு ரூட் உரிமை இல்லை. எக்கோவின் வெளியீட்டைச் சூடோ டீக்குப் பைப் செய்யுங்கள்; டீ வாங்கியதைக் கோப்பில் எழுதும்.

கெர்னல் 6.4 முதல் சாதன வகுப்பை உருவாக்கும் கிளாஸ் கிரியேட்டுக்குப் பெயர் மட்டும்தான் ஆர்க்யுமென்ட். அதற்கு இரண்டு ஆர்க்யுமென்ட் கொடுக்கும் பழைய பாட உதாரணங்கள் கம்பைல் ஆகாது. எல்லாச் சோதனையும் விர்ச்சுவல் மெஷினில்தான்.