லீவர் நேராகத்தான் இருந்தது

"கை பாதி விழுந்துதான் கிடந்தது மனே. நீ பார்த்தியா?"

ரயில் என்ஜினை விட்டு இறங்கி மேடைக்கு நடந்து வந்த சாரதி என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "லீவர் நேராத்தான் இருக்கு அண்ணன்" என்றேன். அவர் கேட்டது வெளியே கம்பத்தில் இருக்கும் கைகாட்டியைப் பற்றி; அதன் கை படுக்கையாக நின்றால் நில், தாழ்ந்தால் வா. நான் சொன்னது, நிலையத்தில் இருந்து கம்பியால் அந்தக் கையை இழுக்கும் லீவரைப் பற்றி. 11 வருடமாக அந்தப் பதில் எனக்குள் இருந்து அறுக்கிறது.

நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் நிற்கும் ஹோம் கைகாட்டியைத் தாண்டி அவருடைய வண்டி வந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இருந்து வந்த வண்டி மேடையில் நின்றது. அதன் முன்விளக்கைக் கண்டு அவர் பிரேக் போட்டதால் 200 மீற்றர் இடைவெளியில் எல்லோரும் தப்பினோம். மாகோவிலிருந்து மட்டக்களப்பு வரை ஒற்றைத் தண்டவாளம். ஒரு பிரிவுக்குள் இரண்டு வண்டி போகாமல், சாரதி கையில் இருக்க வேண்டிய டேப்லட் என்ற வில்லை காக்கும். நிலைய எல்லைக்குள் வந்த பிறகு கைகாட்டிதான் காவல்.

அது கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் காலம். புனானை, வாழைச்சேனைப் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கச்சான் காற்று எறியும் நாட்களில் மத்தியானத்தில் தண்டவாளத்தைத் தொட முடியாது. கைகாட்டிக் கம்பியும் சூட்டில் நீண்டு தொய்ந்துவிடும். லீவரை முழுவதும் இழுத்தாலும் கை சரியாகத் தாழாது. அப்போது லீவருக்குப் பின்னால் இருக்கும் திருகைச் சுற்றிக் கம்பியை இறுக்குவோம். அன்று மத்தியானம் நானும் இறுக்கினேன். இறுக்காவிட்டால் வந்த வண்டி வெயிலில் வெளியே நின்றிருக்கும், அதனால் அது தப்பில்லை.

ஆனால் வெயில் தணிந்ததும் கம்பி சுருங்கும். திருகைத் தளர்த்தாமல் விட்டால், லீவர் பழைய இடத்தில் நின்றாலும் கம்பி கையைக் கொஞ்சம் கீழே இழுத்து வைத்துக்கொள்ளும். படுக்கையாக நிற்க வேண்டிய கை சரிந்து நிற்கும். அன்று பின்னேரம் மழை வேறு தூறியது. நான் தளர்த்தினேனா? தளர்த்திய ஞாபகம் இல்லை. தளர்த்தவில்லை என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் அதிகாரிகள் வந்து மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் கை சரியாகப் படுத்தது. நேரம் மத்தியானம் பன்னிரண்டரை. கம்பி மறுபடி நீண்டிருந்த நேரம். பொழுதுபட்ட பிறகு பாருங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. என்னிடம் லீவர் எந்த நிலையில் இருந்தது என்று கேட்டார்கள், சொன்னேன். திருகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாரதிக்குத் தண்டனை கிடைத்தது. என் கோப்பில் ஒரு வரியும் ஏறவில்லை.

விதி அவருக்கும் தெரியும். கை அரைகுறையாகத் தெரிந்தால் அதை ஆபத்து என்றே எடுத்து வண்டியை நிறுத்த வேண்டும். பாதி விழுந்து கிடந்தது என்று அவரே சொன்னாரே, பிறகு ஏன் வந்தார்? பல இரவுகள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். ஆனால் பாதி என்பது அவர் கிட்ட வந்த பிறகு கண்டது. தூரத்தில், மங்கல் வெளிச்சத்தில், 26 வருடம் பழகிய கண்ணுக்கு அது தாழ்ந்த கையாகத்தான் பட்டிருக்கும். அந்த மங்கலில் மேடையின் கோடி வரை நடந்து போய் நான் ஒரு தடவை பார்த்திருக்கலாம். லீவர் நேராக இருந்தால் கையும் நேராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தேன்.

இப்போது பொழுதுபட்டால் மேடைக்கோடிக்குப் போய்ப் பார்க்காமல் இருக்க மாட்டேன். திருகைத் தளர்த்திய நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதுகிறேன். கூட வேலை செய்கிற தம்பி, இதெல்லாம் எழுதச் சொல்லி இல்லையே என்கிறான். அவனுக்குச் சரியான காரணத்தை இன்னும் நான் சொல்லவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கக் கோயிலில் அந்தச் சாரதியைக் கண்டேன். தலை முழுக நரைத்திருந்தது. தீர்த்தமாடி ஈர வேட்டியோடு படியில் இருந்தவர், பக்கத்தில் இடம் விட்டு இருக்கச் சொன்னார். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"அண்டைக்கு நான் மெதுவா வந்திருக்கணும் மனே."

"ஓம் அண்ணன்" என்றேன்.