நாலு அடி

கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு பழைய வீட்டை வைத்தியர்களின் ஆலோசனை அறைகளாக மாற்றிய வேலையில் நான் சைட் பொறுப்பாளன். வேலை முடிந்து கனநாள். அந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் போகவில்லை.

பிளானில் ஏழு கதவும் நாலு அடி அகலம். இருந்ததோ மூன்று அடிதான்: முதிரை மர நிலை, இரட்டைக் கதவு, மேலே காற்றுக்கு மரப்பின்னல். தச்சு வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணை முதல் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, இந்த அறையளுக்கு வருத்தக்காரர் நடந்து வருவினமோ, படுத்தபடி வருவினமோ?"

"பிளானில நாலு அடி போட்டிருக்கு அண்ணை. வெட்டுங்கோ."

அவ்வளவுதான். அவர் மறுபடி கேட்டது, நிலையை முழுசாகக் கழற்றக் கதவுக்கு ஒரு நாள் தரமுடியுமா என்று. அதுவும் முடியாது என்றேன். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, ஏழு நாளுக்கு எங்கே போவது?

நான் பிழையாகச் சொல்லவில்லை. வருத்தக்காரரைப் படுக்கவைத்துத் தள்ளும் ட்ரொலி நுழைய வேண்டும் என்று கேட்டவர்கள் வைத்தியர்கள். தோல் வைத்தியரிடம் வருகிறவருக்கும் மாரடைப்பு வரலாம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940இலிருந்து இருக்கிறது. ஆனால் இந்த வீடு பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதல்ல. கொழும்புக் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி 2011இல் கடைத்தொகுதியானது. கட்டடம் என்றால் பாவனை மாறத்தான் செய்யும். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லியாயிற்று.

வாள் முதிரைக்குள் இறங்கச் சிரமப்பட்டது. அறுத்து விழுந்த துண்டுகளில் ஆணியே இல்லை, கழுந்தும் மரமுளையும்தான். சுவருக்குள் மறைந்திருந்த பக்கத்தில், பொருத்தின் இரண்டு துண்டிலும் உளியால் மும்மூன்று கோடு. எதற்கு எது சோடி என்று அந்தக்காலத் தச்சன் தனக்குப் போட்ட அடையாளம். அண்ணை அதில் பெருவிரலை வைத்துக் கொஞ்சநேரம் நின்றார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி அத்தோடு முடித்திருப்பேன்.

பிறகு ஒருநாள் வீட்டில் கணக்குத்தாளில் கீறிப் பார்த்தேன். ட்ரொலியின் அகலம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் கூட. கதவுக்குள் போவதல்ல சிக்கல், விறாந்தையிலிருந்து திரும்புவதுதான். ஆறடி விறாந்தையில் வாங்கு போட்டிருந்தால் மூன்றடிக் கதவுக்குள் அது திரும்பாது. வாங்கு இல்லாவிட்டால் இரண்டு பேர் பிடித்துத் திருப்பிவிடலாம் என்றுதான் கோடு சொல்லியது. தாளில் சரிவருவது தளத்தில் சரிவராமல் போவதையும் கண்டிருக்கிறேன். ஆனாலும் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அண்ணையின் கேள்வியை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலே போதும். பிளானை எதிர்த்துப் பேசுவது என் வேலையில்லை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்குக் கையில் தடிப்பு என்று அங்கேயே கூட்டிப்போனேன். அவ நடந்துதான் உள்ளே போனா. எங்களோடு காத்திருந்தவர்களும் நடந்துதான் போனார்கள். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதென்று விறாந்தை வாங்கை எடுத்து முன்கூடத்தில் போட்டிருந்தார்கள்.