தபால்தலை அளவு தோல்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையில், அதாவது ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை கவனிக்கிற வேலையில், எனக்கு அது இரண்டாவது வருடம். ஜெர்மனிக்குப் போகிற ஹூடி ஆர்டர், 4,000 பீஸ். சாம்பிளில் கீழ் ஓரத்தில் ரெக்சின் (செயற்கைத் தோல்) பேட்ச் வைத்திருந்தோம். ஆர்டர் கொடுத்த பையருக்குப் பிடிக்கவில்லை, அசல் தோல் வேண்டும் என்றார். சரி, தபால்தலை அளவுதானே என்று மாற்றினோம். பட்டன், பேட்ச் மாதிரி உதிரிகளின் பட்டியலான டிரிம்ஸ் கார்டைத் திருத்தினேன், விலைக் கணக்கான காஸ்டிங்கைத் திருத்தினேன். சைடு தையலில் உள்ளே வைத்துத் தைக்கிற வாஷ்கேர் லேபிள் ஞாபகத்துக்கே வரவில்லை.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் பேட்ச்சை நகத்தால் கீறிப் பார்த்தார். லேபிளைப் புரட்டினார். "அந்த வரி எங்கே?" என்றார். எந்த வரி என்று நான் திருப்பிக் கேட்டதிலேயே என் லட்சணம் தெரிந்துவிட்டது.

'விலங்குகளிடமிருந்து பெறப்பட்ட, துணியல்லாத பாகங்கள் உள்ளன' என்ற வரிதான் அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1007/2011 விதி, 12ஆவது பிரிவு. 2012 மே 8 முதல் அமலில் இருக்கிறது. தோல், ஃபர் (முடியோடு கூடிய தோல்), இறகு, கொம்பு பட்டன் எல்லாம் இதில் அடக்கம். கொஞ்சம்தான் இருக்கிறது என்ற சலுகை கிடையாது. வாசகத்தை இஷ்டத்துக்குச் சுருக்கவும் கூடாது. விற்கிற நாட்டின் மொழியில் அப்படியே இருக்க வேண்டும். நாடுகள் கூடக் கூட லேபிள் குட்டிப் புத்தகமாகிவிடும். (விதியைத் தேடியபோது முதலில் சிக்கியது 1007/2009. அது கடல்நாய்ப் பொருள்கள் வியாபாரம் பற்றியது. ஹூடிக்கும் கடல்நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று அரை மணி நேரம் முழித்தேன்.)

கட்டிய பெட்டிகளை எல்லாம் பிரித்தோம். சைடு தையலைப் பிரித்தால் துணியில் ஓட்டை விழும். அதனால் பழைய லேபிளுக்குப் பக்கத்திலேயே உள் ஓரத்தில் இன்னொன்றை வைத்துத் தைத்தோம். இரண்டு ராத்திரி. செக்கிங் அக்கா ஒருவர் லேபிளைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குங்க?" என்றார். சொன்னேன். "என்ன மிருகம்னு போடலீங்களா?"

போடவில்லை. விதி அதைக் கேட்கவும் இல்லை. அமெரிக்காவில் 1951ஆம் வருடத்து ஃபர் சட்டப்படி விலங்கின் பெயரையே எழுத வேண்டும். 150 டாலர் வரையிலான ஃபருக்கு இருந்த விலக்கையும் 2010இல் வந்த சட்டம் எடுத்துவிட்டது. ஆனால் அதெல்லாம் ஃபருக்கு மட்டும்.

யோசிக்க யோசிக்க ஐரோப்பிய விதியின் கோணல்கள் தெரிந்தன. கம்பளியும் பட்டும் இழை என்ற கணக்கில் வந்துவிடுவதால், கூட்டுப்புழுவை அவித்து எடுத்த பட்டுக்கு இந்த வரி வேண்டாம். எடையில் 80 சதவீதமாவது இழை இருந்தால்தான் அது துணி. ஆகவே முழுத் தோல் ஜாக்கெட் இதற்குள்ளேயே வராது. தோல் என்று பார்த்ததுமே தெரியும் என்ற எண்ணமாக இருக்கலாம். அது நியாயம்தான். தோல் வேண்டாம் என்று ஒதுங்குகிறவர் ஏமாறுவது ஜாக்கெட்டில் அல்ல, இந்த மாதிரித் துண்டில்தான். இரண்டு ராத்திரி கண்விழித்த கோபத்திலும் இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அக்காவின் கேள்வி மட்டும் மனசில் நின்றது. மறுநாள் பேட்ச் சப்ளை செய்தவருக்கு போன் போட்டு, என்ன தோல் என்று கேட்டேன்.

"கட்டிங் வேஸ்ட்ல எடுக்கறதுங்க" என்றார். "ஒரு வாரம் ஆடு வரும், ஒரு வாரம் மாடு வரும். உங்களுக்கு எது வேணும்?"