கதியாலில ஓணான், கலகாரியில பல்லி

நேற்றுப் பின்னேரம் கிணத்தடி வேலிக் கதியாலில இருந்த ஓணானை அரை மணித்தியாலமாப் பாத்துக்கொண்டிருந்தன். தலை மட்டும்தான் திரும்புது. கட்டெறும்பு ஒண்டு கிட்ட வந்துது. நாக்கு வெளிய, எறும்பு உள்ள. வேலிக்குக் கீழயே கறையான் புத்து, ஆனா அங்க இறங்கவேயில்லை.

ஹியூ, பியாங்கா எண்ட ரெண்டு உயிரியல் ஆய்வாளர்கள் 1981இல எழுதின கட்டுரையில வாற, தெற்கு ஆபிரிக்காவின்ர கலகாரிப் பாலைவனப் பல்லிகள்தான் நினைவுக்கு வந்துது. ஒரே குடும்பம், ஒரே மணல். ஆனா சில இனங்கள் ஓரிடத்தில இருந்து, ஓடித்திரியிற பூச்சியளைப் பிடிக்கும். மற்றதுகள் அலைஞ்சு திரிஞ்சு, கும்பலாக் கிடக்கிற கறையானைத் தின்னும். அதில நூக்ராஸ் எண்ட ஒண்டு தேள் பிடிக்கும். தேள்! பகலில ஒளிஞ்சிருந்து இரவில வெளிக்கிடுற பிராணி. குந்திக்கொண்டு பாத்திருந்தா அது முன்னால வருமே? தேடித்தான் போகவேணும்.

அலையிற பல்லிக்குச் சாப்பாடும் கூட, செலவாகிற சக்தியும் கூட. பதுங்கிக் கிடக்கிற பாம்பிட்டையும் அதுதான் கெதியா அம்பிடும். ஒரு வயித்துக்குள்ள என்ன கிடக்குது எண்டதை வைச்சே அந்தப் பல்லி எப்பிடி வாழ்ந்தது எண்டு சொல்லலாம் எண்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இண்டைக்கும் கிணத்தடிக்குப் போனன். அதே கதியால், அதே ஓணான்.