பழைய பில்லிங் சாஃப்ட்வேருக்கு ஒரு டி டிரைவ்

திருப்பூர், ஈரோடு பக்கத்து ஆபீஸ்களில் பழைய கம்ப்யூட்டரை மாற்றும்போது வழக்கமாக வரும் சிக்கல் இது. பில்லிங் சாஃப்ட்வேர் டேட்டாவை டி டிரைவில்தான் தேடும். புது மெஷினிலோ எஸ்எஸ்டி முழுக்க ஒரே சி. சியைச் சுருக்கி நிஜமான டி உண்டாக்கலாம்தான், ஆனால் நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் இருந்தால் விண்டோஸ் கொஞ்சம்தான் சுருக்க விடும். ஒரு ஃபோல்டருக்காக அத்தனை பாடு வேண்டியதில்லைங்க, ஃபோல்டரையே ஒரு டிரைவ் போலக் காட்டும் சப்ஸ்ட் (subst) என்ற கமாண்ட் விண்டோஸிலேயே இருக்கு.

சிக்கே டி என்று இரண்டாவது எழுத்து கொடுக்கலாமா என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் தேடியும் பயனில்லை. ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு எழுத்துதான். அங்கே ‘ஆட்’ கொடுத்தால் காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்யத்தான் கேட்கும். ‘சேஞ்ச்’ கொடுத்தால் பழைய எழுத்து போய்விடும்.

செய்ய வேண்டியது, சியில் பில் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, கமாண்ட் பிராம்ப்டில் இங்கிலீஷில் இப்படி அடிப்பது:

சப்ஸ்ட் டி: சி:\பில்

உடனே டி வந்துவிடும். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்க. தமிழில் பெயர் வைத்தால், பின்னால் கமாண்டை எழுதி வைக்கும் பேட்ச் ஃபைலில் எழுத்து சிதறக்கூடும், வேண்டாம்.

டி ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் எரர் வரும். பெரும்பாலும் டிவிடி டிரைவோ, செருகியபடியே விட்ட பென் டிரைவோதான் அங்கே உட்கார்ந்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அதை இசட், ஒய் என்று கடைசி எழுத்துக்கு மாற்றுங்க. அடுத்த முறை அதே பென் டிரைவைச் செருகினாலும் விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும்.

ரீஸ்டார்ட் செய்தால் சப்ஸ்ட் போய்விடும். லாகின் ஆனதும் தானாக ஓடட்டும் என்று அந்த ஒரு வரியை பேட்ச் ஃபைலாக்கி ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போடுவார்கள். பாதி வேலைதான் அது. அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் சாஃப்ட்வேருக்கு அந்த டி தெரியாது, ஏனென்றால் சாதாரண லாகினும் அட்மின் லாகினும் டிரைவ் பட்டியலைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன. எக்ஸ்புளோரரில் டி தெரிகிறது, சாஃப்ட்வேர் ‘பாத் நாட் ஃபவுண்ட்’ என்கிறது என்றால் காரணம் இதுதான். அட்மின் பிராம்ப்டில் சப்ஸ்ட் அடித்தால் தலைகீழாக நடக்கும்.

நிரந்தரமாக்க, விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிதான் சரி. முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வையுங்க. ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், செஷன் மேனேஜர், டாஸ் டிவைசஸ் என்று உள்ளே போய் புது ஸ்ட்ரிங் வேல்யூ ஒன்று. பெயர் டி: மட்டும், பின்னால் சாய்கோடு கூடாது. மதிப்பு \??\சி:\பில். முன்னால் உள்ள அந்தக் கேள்விக்குறிகளை விட்டுவிட்டால் டிரைவ் வராது. ரீஸ்டார்ட் செய்ததும் எல்லா யூசருக்கும், சர்வீஸ்களுக்கும் டி தெரியும்.

ஃபார்மட், செக்டிஸ்க், லேபிள் எதுவும் இந்த டியில் ஓடாது. மை கம்ப்யூட்டரில் அதன் காலி இடம் சியுடையதாகவே காட்டும், இரண்டையும் கூட்டிவிடாதீங்க. கணக்குப்பிள்ளை சாயங்காலம் சியிலிருந்து டிக்கு பேக்கப் எடுக்கிறார் என்றால் அது அதே எஸ்எஸ்டியில்தான் போய் விழுகிறது. பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்று தனியாக வேண்டும்.

சப்ஸ்டை எடுக்க: சப்ஸ்ட் டி: /டி. ஃபோல்டர் அப்படியே இருக்கும், எழுத்து மட்டும் போகும். ரெஜிஸ்ட்ரியில் போட்டதென்றால் அந்த வேல்யூவை அழித்து ரீஸ்டார்ட் செய்யணும். டிக்குள் போய் ஃபைலை அழித்தால் மட்டும் சியில் இருக்கும் அசலே போய்விடும்.