எண்ணிக்கை சரி

ஓகஸ்ட் 3
மச்சாளின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடிவயிற்றின் இடப்பக்கம் சுருண்ட நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பதினாறு வருடமாக ஒப்பரேஷன் தியேட்டரில் வேலை செய்கிற எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. வயிற்று ஒப்பரேஷனில் இரத்தத்தை ஒற்றப் பாவிக்கிற பெரிய கோஸ் துணியை மொப் என்போம். எக்ஸ்ரேயில் தெரியவேண்டும் என்றே அதில் பேரியம் கலந்த நூலை வைத்து நெய்திருப்பார்கள்.

"என்ன மச்சாள், கதைக்காமல் நிக்கிறீங்கள்?" என்றா. கருப்பை எடுத்து 22 மாதம். அன்றிலிருந்து வயிற்று நோ. காஸ்ட்ரைட்டிஸ் என்று எத்தனை குளிசை! நானும்தான் "காரத்தைக் குறையுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைக்கத் தாங்கவில்லை.

ஓகஸ்ட் 4
ஸ்கேனும் அதையே சொல்கிறது. வெள்ளவத்தை வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணா ஒரே கேள்வியையே கேட்கிறார்: "இவ்வளவு பெரிய துணியை எப்படி மறப்பினம்?"

உலர்ந்த மொப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். இரத்தத்தில் ஊறினால் அது ஒரு சிறு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். குடல் மடிப்புக்குள் போய்விட்டால் நிறத்தாலும் வழவழப்பாலும் குடலோடு குடலாகிவிடும். கண்ணை நம்ப முடியாததால்தான் எண்ணுகிறோம். தொடங்குமுன் ஒரு தடவை, வயிற்றை மூடுமுன் ஒரு தடவை, தோல் தைக்கும்போது இன்னொரு தடவை. இரண்டு பேர், இரண்டு பேரும் பார்த்து, வாய்விட்டு. வாயால் ஆங்கிலத்தில் எண்ணினாலும் மனதுக்குள் நான் தமிழில்தான் எண்ணுவேன்.

ஓகஸ்ட் 7
இன்று எடுத்தார்கள், வேறோர் ஆஸ்பத்திரியில். இரண்டரை மணித்தியாலம். பஞ்சு நூல் உடம்பில் கரையாது. சிலருக்குச் சீழ் பிடித்துச் சீக்கிரமே தெரிந்துவிடும். சிலருக்கு உடம்பு அதைச் சுற்றித் தடித்த சவ்வு கட்டி, வருடக்கணக்கில் பொத்தி வைத்திருக்கும். மச்சாளுக்கு நடந்தது இரண்டாவது. குடலின் ஒரு வளைவு அதோடு ஒட்டிப்போயிருந்ததாம். குடலை வெட்டாமல் பிரித்துவிட்டார்கள், முருகா.

ஓகஸ்ட் 10
பழைய ஆஸ்பத்திரியிலிருந்து கோப்பின் பிரதி கிடைத்தது. எண்ணிக்கைத் தாளைத்தான் முதலில் தேடினேன். மொப்: சரி. இரண்டு கையெழுத்து.

அந்தச் "சரி"யை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு ஞாபகத்துக்கு வந்தது. பொருள் உள்ளே விடுபட்ட 54 நோயாளிகளைப் பற்றியது. எண்ணிப் பார்த்த சத்திரசிகிச்சைகளில் 88 வீதத்தில் கடைசி எண்ணிக்கை சரியென்றே நினைத்திருந்தார்கள். அவசர ஒப்பரேஷன் என்றால் ஆபத்து ஒன்பது மடங்கு, நடுவில் திட்டம் மாறினால் நான்கு மடங்கு. மச்சாளுக்கும் நடுவில் இரத்தப்போக்கு அதிகமாகித் திட்டம் மாறியிருக்கிறது, கோப்பில் இருக்கிறது. ஐந்து மொப் என்று கட்டி வந்த கட்டுக்குள் ஆறு இருந்திருக்கலாம். அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரிக்காமல் "ஐந்து" என்று எழுதியிருக்கலாம். நடுவில் ட்யூட்டி மாறியிருக்கலாம். அந்த இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவர்கள் நின்ற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன், இரவு இரண்டு மணிக்கு, கால் கடுக்க.

இழப்பீட்டு வழக்குக்குச் சட்டத்தில் இரண்டு வருடக் கெடு. இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அண்ணா நாளைக்கே சட்டத்தரணியிடம் போகிறார். தாளை நான் விளக்கிச் சொல்வதாக ஒத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் 13
இரவு ட்யூட்டி. குடல் அடைப்பு, அவசரக் கேஸ். புதுப் பிள்ளை கட்டை அவிழ்க்காமல் எண்ணப் போனாள். "அவிழ்த்து ஒவ்வொன்றாக விரி பிள்ளை, நூலைத் தொட்டுப் பார்" என்றேன். பயந்துபோய் விரித்தாள். அப்புறம் ஒவ்வொன்றையும் என் பக்கம் காட்டிக் காட்டியே எண்ணினாள்.

மூடுமுன் எண்ணினோம். இருபது. சரி.

"சேர், மூடுமுன் ஒருக்கா கையால் முழுக்கத் தடவிப் பாருங்கோ" என்றேன்.

"குறையுதா?"

"இல்லை சேர். சரியாக இருக்கு."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஈரல் பக்கம் தொடங்கி, மண்ணீரல் பக்கம், குடலுக்குப் பின்னால், இடுப்பெலும்புக் குழி வரை மெதுவாகத் தடவினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றுமில்லை. நான் தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தேன்.